சங்கிலியும் போதாது, கல்லறையும் கூடாது

வேதபகுதி: மாற்கு 5:1-20; 1 கொரிந்தியர் 6:9-12; கலாத்தியர் 6:1-2

 

ஒரு வாலிபர் கூட்டம் முடிந்ததும் ஒரு தம்பி கேட்டான்: "பாஸ்டர், சில தேசங்கள்ல கஞ்சா வச்சிருந்தா கேஸ் கிடையாதாம். இங்கேயும் அப்படிச் சட்டம் வந்துட்டா அது பாவம் இல்லேன்னு ஆயிடுமா?" பக்கத்தில் இருந்த மூப்பர் ஐயா விடவில்லை. "பேசவே கூடாது. பிடிச்சு உள்ளே போடணும், அப்பத்தான் திருந்துவான்" என்றார். அன்றைக்கு என்னால் இருவருக்கும் சரியான பதில் சொல்ல முடியவில்லை. ஜெபித்து, வேதத்தையும் சட்டத்தையும் வாசித்தபின் இதை எழுதுகிறேன்.

1. குற்றம் வேறு, பாவம் வேறு

முதலில் தம்பிக்குப் பதில். 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ம் பிரிவை ரத்து செய்தது. அன்றுமுதல் விபசாரத்துக்காக யாரையும் ஜெயிலில் போட முடியாது. அதனால் யாத்திராகமம் 20:14 நம் வேதத்திலிருந்து கழன்று விழுந்துவிட்டதா? இல்லையே! மோசே தள்ளுதற்சீட்டுக்கு இடங்கொடுத்தது ஜனங்களின் இருதயக் கடினத்தினிமித்தம்தான், ஆதியில் அப்படி இல்லை என்று ஆண்டவரே மத்தேயு 19:8-ல் விளக்கினார். சட்டம் அனுமதித்த எல்லாம் தேவன் அங்கீகரித்தது ஆகாது. டாஸ்மாக் கடை அரசாங்கத்தின் கடைதான். ஆனால் நீதிமொழிகள் 23:29-35 அந்தக் கடை வாசலிலும் உண்மையே.

இன்னொரு பக்கமும் உண்டு. முன்பு தற்கொலைக்கு முயன்று பிழைத்தவன்மேல் 309-ம் பிரிவில் வழக்கு வரும். சாவின் வாசலிலிருந்து திரும்பியவனுக்குக் கட்டில் பக்கத்தில் போலீஸ்! 2017-ல் வந்த மனநலச் சட்டம், அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்று கருதி, அவருக்குச் சிகிச்சை தரவேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்த 309 இல்லை. இதனால் உயிர் மலிவாகிவிடவில்லை. காயப்பட்டவனுக்குத் தேவை விலங்கல்ல, மருந்து என்பதைச் சட்டமும் ஒத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

2. சங்கிலி செய்தது என்ன?

இப்போது மூப்பர் ஐயாவுக்குப் பதில். மாற்கு 5-ம் அதிகாரத்தில் அசுத்த ஆவி பிடித்த மனுஷனை ஊரார் பலமுறை சங்கிலியால் கட்டினார்கள். அவன் ஒவ்வொரு முறையும் அறுத்துப்போட்டான். ஊருக்குச் சங்கிலி தேவைப்பட்டது, அதை நான் குறை சொல்லவில்லை. ரோமர் 13 சொல்கிறபடி அதிகாரத்தின் பட்டயம் வீண் அல்ல. ஆனால் சங்கிலி கையைத்தான் கட்டும், உள்ளத்தைக் கட்டாது.

நம்முடைய மாநிலமே இதற்குச் சாட்சி. 1937-ல் ராஜாஜி அரசாங்கம் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1971-ல் கடை திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள். 1981-ல் மறுபடி திறந்தார்கள். 2003 முதல் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே நடத்துகிறது. மூடியபோது திருட்டுச் சாராயம் ஓடியது. திறந்தபோது வீடு வீடாய்க் குடி புகுந்தது. திறந்திருந்த காலத்திலும் திருட்டுச் சாராயம் நிற்கவில்லை!

அதை நாம் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2023 மே மாதம் நமக்குக் கிழக்கே சித்தாமூர் பக்கத்துக் கிராமங்களிலும், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் அதிகமானோர் மாண்டார்கள். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் அதிகமானோர். குடும்பங்களுக்குப் பத்து லட்சம் அறிவித்தபோது, "குடிச்சுச் செத்தவனுக்கா?" என்று நம்மவர்களே பேசினார்கள். பிரியமானவர்களே, அந்த வீட்டுப் பிள்ளைகள் குடிக்கவில்லையே!

3. கல்லறையில் விட்டுவிடலாமா?

"அப்படியானால் தண்டனையே வேண்டாம், அவனவன் இஷ்டம்" என்று சொல்லலாமா? அதுவும் கூடாது. ஊரார் சங்கிலி போட்டுக் களைத்தபின் அவனைக் கல்லறைகளில் விட்டுவிட்டார்கள். அவன் இரவும் பகலும் கூக்குரலிட்டு, கல்லுகளால் தன்னையே காயப்படுத்திக்கொண்டான். அதற்குப் பெயர் சுதந்திரமா?

இரண்டு தேசங்களைப் பாருங்கள். போர்ச்சுகல் 2001-ல், சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் போதைப்பொருள் வைத்திருப்பவனைக் கோர்ட்டுக்கு அனுப்பாமல், ஆலோசனை சொல்லும் ஒரு குழுவின் முன் அனுப்பியது. சிகிச்சைக்கு வழிசெய்தது. விற்பவனுக்கு அங்கே இன்றும் ஜெயில்தான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020-ல் ஓட்டுப் போட்டுத் தண்டனையை எடுத்தது. ஆனால் சிகிச்சை ஏற்பாடுகள் தாமதமாயின, தெருவிலேயே போதை ஏற்றினார்கள். 2024-ல் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள். சங்கிலியை எடுக்கிறவன், அந்த மனுஷனுக்கு வஸ்திரம் எடுத்து வந்தானா என்பதே கேள்வி.

அந்த அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்த மனுஷனைக் கண்டும், ஊரார் பன்றிகள் போன கணக்கைக் கேட்டு, இயேசுவைப் போகச் சொன்னார்கள். போதையில் லாபம் பார்க்கிற எவருக்கும், வியாபாரியோ அரசாங்கமோ, இந்த வசனம் உறைக்கவேண்டும்.

4. தெரியாமல் போன ஒரு வாசல்

இப்போது என் குற்றத்தைச் சொல்லுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு தாயார், "பையனுக்கு வயித்துவலி, ஜெபம் பண்ணுங்க பாஸ்டர் ஐயா" என்று ஞாயிறுதோறும் கேட்பார்கள். எட்டு மாசம் நான் வயிற்றுவலிக்கே ஜெபித்தேன்! கடைசியில் அழுதுகொண்டே சொன்னார்கள்: "கஞ்சாய்யா. ஆஸ்பத்திரிக்குப் போனா கேஸ் ஆயிடும். சபைக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

கேஸுக்கும் பயம், நமக்கும் பயம். சபைக்குப் பயந்த பயம்தான் என்னை அதிகமாய்க் குத்தியது.

1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடைச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதைக்கு அடிமையானவன்மேல் உபயோகித்ததற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு இருந்தாலும், அவன் தானாக முன்வந்து, அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவனைத் தண்டிக்கமாட்டார்கள். சிகிச்சையை முழுவதும் முடிக்கவேண்டும், பாதியில் விட்டால் அந்தச் சலுகை போய்விடலாம். விற்றவனுக்கு இது பொருந்தாது. கண்டிப்பான அந்தச் சட்டமே திரும்பி வருகிறவனுக்கு ஒரு வாசல் வைத்திருக்கிறது. கிருபையைப் பிரசங்கிக்கிற எனக்கு அது தெரியவில்லை!

அந்தத் தம்பி சிகிச்சைக்குப் போனான், தேறினான், ஒருமுறை மறுபடி விழுந்தான், மறுபடி எழுந்தான். இன்று பின்வரிசையில் உட்காருகிறான். அவனுக்காக ஜெபியுங்கள், அவனைத் திரும்பித் திரும்பிப் பார்க்காதேயுங்கள்.

5. நாம் செய்யவேண்டியது

(அ) பாவத்தைப் பாவம் என்றே சொல்லுவோம். சட்டம் மாறினாலும் பிரசங்கம் மாறாது.

(ஆ) விழுந்தவனைச் சாந்தமாய்ச் சீர்பொருந்தப்பண்ணுவோம் (கலாத்தியர் 6:1). வீட்டு விஷயம் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர்ப்பேச்சாகக் கூடாது.

(இ) ஜெபமும் வேண்டும், மருத்துவமும் வேண்டும். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், ஆகவே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். போதை மறுவாழ்வுக்கான 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

(ஈ) சாராயமோ கஞ்சாவோ விற்கிறவனுக்கு நம் வீட்டில் மறைவிடம் இல்லை, அவன் காணிக்கையும் நமக்கு வேண்டாம்.

சிந்திக்க: அந்தத் தாயாரைப்போல "வயித்துவலி" என்று சொல்லி மறைக்கிறவர் இன்று நம் சபையில் யார்? உண்மையைச் சொல்ல அவர் உங்களிடம் வருவாரா?

கொரிந்து சபையில் வெறியரும் இருந்தார்கள், ஆனால் கழுவப்பட்டார்கள் (1 கொரிந்தியர் 6:10-11). கதரேனர் நாட்டு மனுஷனை இயேசு அவன் வீட்டுக்கே அனுப்பினார். நம் ஊரிலும் வெறுமையான வீடுகள் காத்திருக்கின்றன. கர்த்தர் நம்மைப் பயன்படுத்துவாராக. ஆமென். அல்லேலூயா!