பழைய இரட்டைக்குழல் ரைபிளும் அதன் தோட்டாவும்

திருத்துறைப்பூண்டியினின்று வந்து நம் கல்லூரியிற் பயிலும் மாணவர் ஒருவர், பொங்கல் விடுமுறை கழிந்து திரும்பியதும் எம்மை அணுகி, "ஐயா, என் பாட்டனார் மலைநாட்டு வேட்டைக்கு வைத்திருந்த இரட்டைக்குழல் ரைபிள் ஒன்று வீட்டுப் பரணில் இருக்கிறது. பச்சை பூத்த தோட்டாக்கள் இரண்டும் அதனோடு கிடக்கின்றன. அவை போன்ற புதிய தோட்டாக்களோ, அவற்றைச் செய்தற்குரிய பொருள்களோ எங்கே கிடைக்கும்?" என்று வினவினார். நெல்வயலும் உப்பளமும் சூழ்ந்த நாட்டில், யானைக்கும் காட்டெருமைக்கும் உரிய படைக்கலம் ஒன்று கிடத்தல் வியப்பே. அவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தபோது இரசாயனமும் சரித்திரமும் சட்டமும் ஒருங்கே எம்முன் வந்து நின்றன. பிற மாணாக்கர்க்கும் பயன்படுமெனக் கருதி அவற்றை ஈண்டு எழுதலுற்றோம்.

தஞ்சைக் கோட்டையின் கீழ்ப்புறத்து மேட்டில், நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கியொன்று இருத்தலை நம்முட் பலர் கண்டிருப்பர். அதற்கு வேண்டுவன மருந்தும் குண்டும் நெருப்புமே. வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றையும் கூட்டி மருந்து செய்தலும், குண்டு அமைத்தலும் இந்நாட்டார் அறிந்த தொழில்களே. பின்புறம் திறந்து தோட்டா இடும் ரைபிளோ அத்தகையதன்று. தன் தோட்டாவைச் செய்யும் தொழிற்சாலை எத்துணைத் தொலைவில் இருப்பினும், அதனையே நம்பி உயிர் வாழ்வது அது.

தோட்டாவிற்கு உறுப்புகள் நான்கு: பித்தளைக் கூடு, அதன் அடியில் அமைந்த கேப்பு, உள்ளிருக்கும் மருந்து, வாயிற் பொருந்திய குண்டு என்பன. கேப்பில் ஊசி அடித்தவுடன் எழும் பொறி மருந்தைப் பற்றுகிறது. மருந்து வாயுவாகிக் குண்டை உந்துகிறது. அவ்வமயம் கூடு விரிந்து குழலின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னே கசியாவண்ணம் காக்கிறது. இந்நான்கனுள் ஒன்று குறையினும் ஏனைய மூன்றும் பயனிலவாம்.

மருந்தை முதலிற் கொள்வோம். அக்காலத்துப் பெருவேட்டைத் தோட்டாக்களிற் கார்டைட் என்னும் கயிறு போன்ற மருந்தே இருந்தது. ஏபல், டியூவர் என்னும் இரசாயன அறிஞர் இருவர் 1889-ஆம் ஆண்டில் அதனைக் கண்டனர். முதல் வகைக் கார்டைட்டில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின் சேர்ந்திருந்தன. வெப்பம் மிகின் அதன் அழுத்தமும் மிகும். ஆதலின் இந்தியா போன்ற வெப்ப நாடுகளுக்கென மருந்தின் அளவைக் குறைத்து நிரப்பிய தோட்டாக்களும் விற்கப்பட்டன. நம் நீலகிரியில் அருவங்காட்டிலுள்ள தொழிற்சாலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மருந்தைச் செய்தற்கென்றே எழுந்தது. ஆயினும் அது படைக்கு உழைத்ததேயன்றி வேட்டைக்காரர்க்கு உழைத்ததன்று.

கேப்பின் கதை வேடிக்கையானது. அமெரிக்கராகிய பெர்டான் கண்ட முறையில், கேப்பை நசுக்கும் சிறு முனை கூட்டிலேயே அமைந்திருக்கும்; பொறி செல்லும் துளைகள் இரண்டு. ஆங்கிலேயராகிய பாக்ஸர் கண்ட முறையில் அம்முனை கேப்பினுள்ளே இருக்கும். துளை நடுவே ஒன்று. அமெரிக்கர் பாக்ஸர் முறையைக் கைக்கொள்ள, ஆங்கில வேட்டைத் தோட்டாக்களிற் பெர்டான் முறையே பெரும்பாலும் நிலைத்தது! நடுத்துளையுடைய கூட்டிலிருந்து பழைய கேப்பை ஒரு குச்சியால் தள்ளிவிடலாம். பெர்டான் கூட்டில் அஃது எளிதன்று. பழங்கேப்புகள் சிலவற்றிலிருந்த பாதரசக் கூட்டுப்பொருள் பித்தளையை நொறுங்கச் செய்யும் இயல்புடையது. ஆகவே ஒருமுறை சுட்ட பழங்கூடு முழுதாகத் தோன்றினும் நம்பத் தக்கதன்று.

இனிக் குண்டு. இரட்டைக்குழல் ரைபிளின் இரு குழல்களும் பார்வைக்கு இணையாகத் தோன்றினும், குறித்த ஓர் எடையுள்ள குண்டு குறித்த ஓர் வேகத்தில் செல்லும்போது இரண்டும் ஓரிடத்தையே தாக்குமாறு சற்றே சாய்த்துப் பொருத்தப்பட்டவை. தொழிலாளி மீண்டும் மீண்டும் சுட்டுப் பார்த்தே அவற்றைப் பற்றவைப்பான். எடையோ வேகமோ மாறின் இரு குண்டுகளும் இருவேறிடஞ் செல்லும். எனவே ஏறத்தாழ ஒத்த குண்டு போதாது; உரிய குண்டே வேண்டும்.

அவ்வுரிய குண்டு எது என்பதை அறிவதும் எளிதன்று. அதற்குக் காரணமாயிருந்தது இந்தியாவே எனின் மாணாக்கர் வியப்பர். 1898-ஆம் ஆண்டில் இலண்டன் ரிக்பி கம்பெனியார் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்னும் தோட்டாவை வெளியிட்டனர். 480 கிரெயின், அதாவது சுமார் 31 கிராம் எடையுள்ள குண்டு, வினாடிக்கு 2,150 அடி வேகத்தில் அதனின்று செல்லும். வேட்டையாடுவோர் அதனைப் பெரிதும் விரும்பினர். ஆனால் பட்டாளத்தார் முன்பு தாங்கிய மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கியின் துளையளவும் .450 ஆதலின், கலகம் புரிவோர் கையில் அவ்வளவுக் குண்டுகள் சேருமென்று ஆங்கில அரசு அஞ்சிற்று. 1907-ஆம் ஆண்டளவில் இந்தியாவிலும் சூடானிலும் அவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டது. உடனே ஹாலந்து கம்பெனியார் .465 என்பதனையும், லாங் என்பார் .470 என்பதனையும் இயற்றினர். தடையைத் தப்புதற்குப் பிறந்த இவ்வளவுகள் பலவாகி, ஒன்றன் தோட்டா மற்றொன்றிற்கு உதவாத நிலை உண்டாயிற்று. பெயரும் அளவைச் செவ்வனே காட்டுவதில்லை. .470 எனப்படுவதன் குண்டு ஓரங்குலத்தை ஆயிரங் கூறிட்டதில் ஏறத்தாழ 475 கூறு விட்டமுடையது.

இதனினும் கொடியது மற்றொரு மயக்கம். ரிக்பி கம்பெனியார் கொண்ட 3¼ அங்குலக் கூடு, கரிமருந்துக் காலத்திலேயே வழங்கியதொன்று. அதே கூட்டில் கரிமருந்து நிரப்பியதும் உண்டு. மெல்லிய அளவிற் கார்டைட் நிரப்பியதும் உண்டு. முழுவலிக் கார்டைட் நிரப்பியதும் உண்டு. மூன்றும் ஒரே குழலில் நுழையும். கரிமருந்திற்கென்று செய்த பழங்குழலில் முழுவலித் தோட்டாவை இட்டுச் சுட்டால், குழல் வெடித்துச் சுடுவோன் கையையும் கண்ணையும் பறிக்கக்கூடும். எனவே குழலின் அடியில் வெட்டப்பட்ட முத்திரைகளை, அவற்றைக் கற்றறிந்த துப்பாக்கித் தொழிலாளியே படித்துக் கூற வேண்டும்.

தோட்டா அருமையாயிருந்த காலத்தின் இயல்பை ஜிம் கார்பெட் துரையவர்கள் வரலாற்றிற் காணலாம். 1907-ஆம் ஆண்டில் சம்பாவத் என்னுமிடத்து ஆட்கொல்லிப் பெண்புலியைத் துரத்தியபோது, மெல்லிய அளவிற் கார்டைட் நிரப்பிய .500 இரட்டைக்குழலை அவர் ஏந்தியிருந்தார். கொண்டு சென்ற தோட்டாக்கள் மூன்றே. மூன்றும் தீர்ந்தன, புலி சாகவில்லை. அவர் ஓடிச் சென்று, தாசில்தார் கையிலிருந்த பழுதுற்ற துப்பாக்கியை வாங்கிச் சுட்டே வேலையை முடித்தார். சிறந்த ரைபிளும் தோட்டா தீர்ந்தபின் வெறுங்கழியே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இத்தோட்டாக்களுட் பெரும்பாலனவற்றைச் செய்தது பர்மிங்காமிலிருந்த கைனாக் தொழிற்சாலை. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வேலை நின்றது. அதன்பின் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிறு தொழிலாளர் சிலர் கூடும் குண்டும் புதிதாகச் செய்யத் தொடங்கினர். கைனாக் என்னும் பெயரில் இங்கிலாந்திலும் தோட்டாக்கள் மீண்டும் பிறந்தன. ஆஸ்திரேலியாவில் இவ்வகைக் குண்டுகளுக்குப் பெயர்பெற்ற வுட்லீ தொழிற்சாலை 2021-ஆம் ஆண்டில் தீக்கிரையானபோது, உலகெங்கும் பழைய ரைபிளுடையார் திகைத்தனர். இவர்கள் வாழ்வு எத்துணை மெல்லிய நூலில் தொங்குகிறதென்பது அதனால் விளங்கும்.

நம் நாட்டிலோ சட்டமும் உண்டு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா மட்டுமன்றி, தோட்டாவின் உறுப்புகளும் தோட்டாவாகவே எண்ணப்படும். உரிமமின்றிக் கேப்பு வாங்குதலும் குற்றமே. உரிமம் உடையார் இறந்தால், அவர் வழித்தோன்றல் தாமதமின்றி அப்படைக்கலத்தைக் காவல் நிலையத்திலாவது, உரிமம் பெற்ற வணிகரிடத்திலாவது ஒப்படைத்தல் வேண்டும். பழுது நீக்கினும் சுட உதவாத பழம்பொருளுக்கே விலக்கு உண்டு. தோட்டா கிடையாமையொன்றால் ரைபிள் பழம்பொருளாகிவிடாது. வேட்டையோ, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தோடு முடிவுக்கு வந்த கதை.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவர் முகம் வாடினார். அவருக்கு அவர் ஊர்ச் செய்தியையே எடுத்துரைத்தோம். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் என்பார், மறைந்துகொண்டிருந்த நெல்வகைகளை ஊர் ஊராகத் தேடி, 2018-ஆம் ஆண்டில் தாம் மறைவதற்குள் 170-க்கு மேற்பட்டனவற்றைச் சேர்த்து வைத்தார். அவர் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை பெற்றவர், மறுவருடம் நான்கு கிலோவாகத் திருப்புவர். தேடுவோன் கைக்கு ஒரு பிடி விதை அகப்பட்டால் போதும். வயல் அதனைப் பெருக்கும். பச்சை பூத்த தோட்டா இரண்டு அகப்படினும் அவை மூன்றாகா. விதைக்கு முளை உண்டு. தோட்டாவிற்குத் தொழிற்சாலையன்றி வேறு தாயில்லை.

"ஆயின் யான் செய்யத்தக்கது யாது?" என்றார். "அவ்விரு தோட்டாக்களையும் சுடவும் வேண்டா, பிரிக்கவும் வேண்டா. தந்தையாரிடம் சொல்லி, அவற்றையும் ரைபிளையும் உரிமச் சீட்டோடு காவல் நிலையத்தில் ஒப்புவியுங்கள். பின்னர் உரிமம் வேண்டினும், அருங்காட்சியகத்திற்கு அளிக்க விரும்பினும், அரசினர் வழியே கேளுங்கள்" என்றோம். தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்று அமைதியாக இருக்கின்றன. அவற்றுக்கு மருந்து தேடுவார் யாருமில்லை. அவற்றைக் கண்டு கற்பாரோ நாள்தோறும் வருகின்றனர். பாட்டனாரின் ரைபிளுக்கும் அத்தகைய முதுமை வாய்க்குமாயின், அது குறையன்று என்பதே எம் கருத்து.