மாற்றுச் சிறுநீரகத்தில் பயாப்ஸி: செய்த பின் எதைக் கவனிப்பது?

“அம்மா கொடுத்த சிறுநீரகம், அதில் ஊசி குத்தத்தான் வேண்டுமா?” என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் பலர் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். கிரியாட்டினின் உயர்வதற்கு உடலின் நிராகரிப்பு காரணமாக இருக்கலாம், பி.கே. வைரஸ் தொற்றும் காரணமாக இருக்கலாம். நிராகரிப்பு என்றால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். வைரஸ் என்றால் குறைக்க வேண்டும். ஊகத்தில் மருந்தை மாற்றுவது ஊசியைவிடப் பெரிய ஆபத்து.

மாற்றுச் சிறுநீரகம் அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், தோலுக்கு அருகிலேயே உள்ளது. அவ்விடத்தை மரத்துப்போகச் செய்து, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே நூலிழை போன்ற ஓரிரு திசுத் துணுக்குகளை எடுக்கிறோம்.

இதனால் நேரக்கூடிய முதன்மையான சிக்கல் இரத்தக் கசிவு. நூறில் சிலருக்குச் சிறுநீர் சிவந்து, ஓரிரு நாளில் தானே தெளியும். சிலருக்குச் சிறுநீரகத்தைச் சுற்றி இரத்தம் கட்டும். பெரும்பாலும் அது கரைந்துவிடும். ஊசி சென்ற தடத்தில் தமனியும் சிரையும் இணைந்துவிடுவதுண்டு. அது தானே மூடாவிடில், இரத்தக் குழாய் வழியே நுண்குழாய் செலுத்தி அடைக்கிறோம். சிறுநீரகத்தையே இழப்பது மிக மிக அரிது.

சிறுநீர் சிவந்தால் குடும்பத்தார் பதறி ஓடிவருகின்றனர். சிறுநீரே வராவிட்டாலோ, “அசதியாக இருக்கும், தூங்கட்டும்” என்று விட்டுவிடுகின்றனர். எங்களுக்கு அதிகக் கவலை தருவது இரண்டாவதே. உறைந்த இரத்தம் பாதையை அடைத்தால், ஈடுசெய்ய வேறு சிறுநீரகம் இல்லை. வலியில்லை என்று ஆறுதல் கொள்வதும் சரியன்று: மாற்றிப் பொருத்துகையில் நரம்புகள் துண்டிக்கப்படுவதால், அச்சிறுநீரகம் வலியால் எச்சரிப்பது குறைவு.

ஆகவே முதல் நாள் முழுவதும் சிறுநீரை அளவுக் குவளையில் பிடித்து, நிறத்தையும் அளவையும் எழுதி வையுங்கள். கட்டிகள் வந்தாலும், சில மணி நேரம் சிறுநீர் வராவிட்டாலும், அடிவயிறு வீங்கினாலும், தலைசுற்றி வியர்த்தாலும் நள்ளிரவானாலும் செவிலியரை எழுப்புங்கள். இரத்த அழுத்தம் திடீரென உயர்வதும், கட்டிய இரத்தம் சிறுநீரகத்தை அழுத்துவதன் அறிகுறியாகலாம்.

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் உட்கொள்வோர் முன்னரே தெரிவிக்க வேண்டும். ஆனால் தாமாக நிறுத்தக் கூடாது, குறிப்பாக இதயத்தில் ஸ்டென்ட் உள்ளவர்கள். நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்க வேண்டா. நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். வீடு திரும்பியபின் இரண்டு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடமோ, எரிவாயு உருளையோ தூக்காதீர்கள். அந்நாட்களில் சிறுநீர் மீண்டும் சிவந்தால், அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திராமல் உடனே வாருங்கள்.