வழிதப்பின வாயில்லா ஜீவன்
(வேதபாடம்: உபாகமம் 22:1-3, யாத்திராகமம் 23:4)

தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடுகிற நாய்கள் உண்டு. கதவு திறந்த நேரத்தில் நழுவிப்போகிற பூனைகளும் உண்டு. வளர்த்தவர் தெருத்தெருவாய்த் தேடித் தவிக்கிறார். கண்டவரோ, "நமக்கென்ன" என்று போய்விடுகிறார். நியாயப்பிரமாணம் இதற்கு இடங்கொடுக்கவில்லை. சகோதரனுடைய மாடோ ஆடோ வழிதப்பிப் போகக் கண்டால், காணாததுபோல இருக்கக் கூடாது. சத்துருவின் மாடாக இருந்தாலும் அவனிடத்தில் கொண்டுபோய் விட வேண்டும்.

இதிலே மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

1. தேடுகிறவருக்கு
பயந்த பூனை பெரும்பாலும் வெகுதூரம் போகாது. பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு அடியில் சத்தமில்லாமல் பதுங்கியிருக்கும். கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. தெரு அடங்கின பிறகு டார்ச் அடித்துப் பாருங்க, கண்கள் மின்னும். நாய் தூரமாய் ஓடிவிடக்கூடும். ஆகவே பால்காரர், பேப்பர் போடுகிற பையன், டீக்கடைக்காரர் எல்லாரிடமும் படத்தைக் காட்டிச் சொல்லி வையுங்க.

2. கண்டவருக்கு
துரத்தாதீங்க, ரோட்டுக்குள் பாய்ந்துவிடும். சற்றுத் தள்ளி, பக்கவாட்டாக உட்கார்ந்து, உற்றுப் பார்க்காமல், சாப்பாடு வைத்து மெதுவாகக் கூப்பிடுங்க. அதுவாக வரட்டும். பழக்கமில்லாத நாயை வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்க. "ஜெபித்துவிட்டேன், அது போதும்" என்று இருந்துவிடாதீங்க. வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்ட பிறகு பிழைப்பது மிக அரிது.

3. உரியவரிடம் சேர்க்க
உடையவன் யாரென்று தெரியாவிட்டால், அவன் தேடி வருமட்டும் நம் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்பது உபாகமத்தின் கட்டளை. நமக்கென்று எடுத்துக்கொள்ள அல்ல, திருப்பிக் கொடுக்க! தண்ணீரும் நிழலும் கொடுத்துக் கட்டி வையுங்க. கால்நடை டாக்டரிடம் காட்டுங்க. தோலுக்கு அடியில் மைக்ரோசிப் இருந்தால், கருவி வைத்து அதன் எண்ணைப் பார்த்துச் சொல்வார். அக்கம்பக்கத்தில் அறிவிக்கும்போது ஒரு அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாதீங்க. "என்னுடையது" என்று வருகிறவர் அதைச் சொல்லட்டும், அப்புறம் ஒப்படையுங்க.

சிந்திக்க: நம்மோடு பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டுக்காரரின் நாய் இன்று ராத்திரி நம் வாசலில் வந்து நின்றால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டுவோமா?