லினக்ஸ் கணினியில் சத்தம் வரவில்லையா? கடைக்குக் கொண்டுபோகும் முன் பார்க்க வேண்டியவை



விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறுவதில்லை. புதிது வாங்க வசதியில்லாத வீடுகளில் அதே கணினியில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச லினக்ஸ் அமைப்பைப் போட்டுக்கொள்கிறோம். லினக்ஸ் நமக்கு முற்றிலும் புதிதும் அல்ல. 2011 முதல் தமிழக அரசு நம் பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது.

லினக்ஸ் போட்ட பிறகு அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, "படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை, என்ன செய்வது?" என்பதுதான். சத்தம் இல்லையென்றால் ஆன்லைன் வகுப்பு இல்லை, ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி இல்லை, வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவோடு பேசவும் முடியாது. "சவுண்ட் கார்டு போய்விட்டது" என்று யாராவது சொன்னால் உடனே பணம் செலவழிக்கத் தயாராகிவிடுகிறோம். பல நேரங்களில் கார்டுக்கு ஒன்றும் ஆகியிருப்பதில்லை. சத்தம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதை வரிசையாகப் பார்த்தால் பெரும்பாலும் செலவில்லாமலே சரிசெய்யலாம்.

சத்தம் வரும் வழி

மாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவதுபோல, கணினியிலும் சத்தம் ஒரு வழியாக வருகிறது. பாடம் ஓடும் மென்பொருளிலிருந்து அது முதலில் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவைக்குப் போகிறது. அடுத்து டிரைவர், அதன்பின் மதர்போர்டில் உள்ள ஒலிச் சிப், கடைசியாக ஸ்பீக்கர். குழாயைத் திறந்து பார்க்காமல் தரையைத் தோண்ட மாட்டோம் அல்லவா? இங்கும் அப்படித்தான், எளிதானதை முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வோம். விண்டோஸில் டிரைவரைத் தனியாகத் தேடிப் போட்டுப் பழகியிருக்கிறோம். லினக்ஸில் சவுண்ட் டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னல் என்ற அதன் மையப் பகுதியோடு சேர்ந்தே வருகின்றன. அல்சா எனப்படும் இந்த டிரைவர் தொகுப்பை 1998-இல் யாரோஸ்லாவ் கிசெலா தொடங்கினார். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் அதுவே முதன்மையான ஒலி அமைப்பானது. ஆகவே இணையத்தில் டிரைவர் தேடி அலைவது பொதுவாகத் தேவையில்லை.

முதல் படி: ஸ்பீக்கரும் இணைப்பும்

ஹெட்போனை மாட்டிப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் டிரைவர் வேலை செய்கிறது, ஸ்பீக்கரையோ அதன் ஒயரையோதான் கவனிக்க வேண்டும். மேசைக் கணினியில் ஸ்பீக்கர் பின்னைப் பின்பக்கத்துப் பச்சை நிறத் துளையில் செருக வேண்டும்.

இரண்டாம் படி: எந்த வழியாகப் போகிறது?

அமைப்புகளில் 'சவுண்ட்' பகுதியைத் திறந்து 'அவுட்புட்' பட்டியலைப் பாருங்கள். ஹெச்.டி.எம்.ஐ. தேர்வாகியிருந்தால் சத்தம் மானிட்டருக்குப் போய்விடும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லையென்றால் ஒன்றும் கேட்காது. அதை மாற்றி ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும். பட்டியலில் 'டம்மி அவுட்புட்' மட்டும் இருந்தால், ஒலிச் சேவைக்குச் சவுண்ட் கார்டு எதுவும் கிடைக்கவில்லை என்று பொருள். ஒருமுறை கணினியை அணைத்துப் போட்டுவிட்டு, அப்போதும் அப்படியே இருந்தால் நான்காம் படிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: உள்ளே மியூட் ஆகியிருக்கிறதா?

மேலே தெரியும் ஒலி அளவு முழுதாக இருந்தாலும் உள்ளே ஒரு வழி மூடியிருக்கலாம். டெர்மினலைத் திறந்து 'அல்சாமிக்சர்' கட்டளையை இடைவெளியில்லாமல், சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்: ஏ, எல், எஸ், ஏ, எம், ஐ, எக்ஸ், இ, ஆர். பிறகு எஃப்6 விசையை அழுத்தி உங்கள் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் என்ற தூண்களின் அடியில் இரண்டு 'எம்' எழுத்துகள் இருந்தால் அது மியூட்டில் இருக்கிறது. அம்புக்குறியால் அங்கே போய் 'எம்' விசையை அழுத்தினால் அவை இரண்டு 'ஓ' ஆக மாறும். மேல் அம்புக்குறியால் அளவைக் கூட்டி, எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள்.

நான்காம் படி: டிரைவர் ஏறியிருக்கிறதா?

டெர்மினலில் 'ஏ, பி, எல், ஏ, ஒய்' தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் 'எல்' எழுத்தும் தட்டுங்கள். கார்டு 0, கார்டு 1 என்று பட்டியல் வந்தால் டிரைவர் சரியாக இருக்கிறது, கோளாறு மேலே சொன்ன படிகளில்தான். கார்டே இல்லை என்று பதில் வந்தால், 'எல், எஸ், பி, சி, ஐ' தட்டி, இடைவெளி விட்டு, சிறு கோடும் 'கே' எழுத்தும் தட்டுங்கள். வரும் பட்டியலில் 'ஆடியோ' என்ற வரியைத் தேடுங்கள். அதன் கீழே பயன்பாட்டில் உள்ள கெர்னல் டிரைவரின் பெயர் இருக்க வேண்டும். ஆடியோ வரி இருந்து டிரைவர் பெயர் இல்லையென்றால்தான் அது டிரைவர் கோளாறு. ஆடியோ வரியே இல்லையென்றால், பயாஸில் ஆன்போர்டு ஆடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: அப்டேட்டும் பழைய கெர்னலும்

டிரைவர் ஏறவில்லையென்றால் நெட் இணைப்புக் கொடுத்து முழு அப்டேட் செய்யுங்கள். சில புதிய மடிக்கணினிகளுக்கு டிரைவரோடு ஃபர்ம்வேர் என்ற சிறு கோப்பும் தேவை. அது பெரும்பாலும் அப்டேட்டில் வந்துவிடும். மாறாக, அப்டேட்டுக்குப் பிறகுதான் சத்தம் நின்றது என்றால், கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் சத்தம் வந்தால் காரணம் புதிய கெர்னல்தான். அடுத்த அப்டேட் வரும்வரை பழையதிலேயே ஓட்டலாம்.

ஆறாம் படி: பென் டிரைவ் சோதனை

கார்டு கெட்டதா, அமைப்பு கெட்டதா என்று அறிய இதுவே நல்ல வழி. லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியில் நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பாருங்கள். நிறுவு என்ற பொத்தானை மட்டும் தொடாதீர்கள். சத்தம் வந்தால் கார்டு நன்றாக இருக்கிறது, பணம் செலவழிக்கத் தேவையில்லை. புதிய பதிப்பிலும் வராவிட்டால்தான் கார்டைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு கிடைக்கிறது. பொதுத் தரத்தில் அமைந்த இவற்றுக்கான டிரைவர் லினக்ஸிலேயே இருப்பதால், செருகியதும் பெரும்பாலும் வேலை செய்யும்.

கவனிக்க வேண்டியது

யாரோ எழுதிவைத்த கட்டளையைப் பொருள் தெரியாமல் தட்டாதீர்கள். 'சூடோ' என்று தொடங்கும் கட்டளைக்குக் கணினி முழுவதையும் மாற்றும் அதிகாரம் உண்டு. சத்தத்தைத் தேடப்போய்ப் பிள்ளைகளின் பாடக் கோப்புகளை இழக்கக் கூடாது.

உதவி கேட்டுப் போகும்போது கணினியின் மாடல், லினக்ஸின் பெயரும் பதிப்பும், நான்காம் படியில் வந்த கார்டு பெயர், டிரைவர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எந்தப் படிவரை பார்த்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் எட்டாம் வகுப்போ அதற்கு மேலோ படிக்கும் பிள்ளை இருந்தால், இந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்து அவரையே செய்யச் சொல்லி, அருகில் இருந்து பாருங்கள். செலவு மிச்சமாவதோடு, ஒரு கோளாறை வரிசையாகத் தேடிக் கண்டுபிடிக்கும் பழக்கமும் பிள்ளைக்கு வரும்.