கப்பலில் சம்பளம் நின்றால் யாரிடம் போவது?

அப்புத்தளைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு இறங்கி, ஹோட்டல் கிச்சனில் இரண்டு மூன்று வருசம் நின்ற பிள்ளைக்குக் கப்பல் நினைப்பு வருவது இயல்பு. மெஸ்மேன், ஸ்டீவர்ட், கை தேறினால் குக். டொலரில் சம்பளம், சாப்பாடும் படுக்கையும் கம்பனி செலவு. நல்ல வேலைதான், போகலாம். ஆனால் ஏறுவதற்கு முன்பே ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: நடுவழியில் சம்பளம் நின்றால் யாரிடம் போவது? ‘நம்ம எம்பசிக்குத்தான்’ என்பார்கள். அது பாதிதான் சரி.

கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடுகிறதோ, அந்த நாட்டுச் சட்டம்தான் உள்ளே செல்லும். முதலாளி கிரேக்கராக இருப்பார், கொடி பனாமா அல்லது லைபீரியாவாக இருக்கும், கப்பல் நிற்பது பிரேசில் துறைமுகமாக இருக்கும். 2024 மார்ச் 26ஆம் திகதி அமெரிக்காவின் பால்டிமோர் பாலத்தை இடித்து வீழ்த்திய ‘டாலி’யைப் பாருங்கள். கொழும்புக்குப் புறப்பட்ட கப்பல், சிங்கப்பூர்க் கொடி. உள்ளே இருந்த 21 பேரில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். விபத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் அவர்களால் கப்பலை விட்டு இறங்க முடியவில்லை. மாலுமியின் நாடு, கொடியின் நாடு, துறைமுகத்தின் நாடு என்று மூன்று அரசுகள் ஒரே தளத்தில்.

இதில் கொன்சல், அதாவது வெளிநாட்டில் தன் நாட்டவரின் காரியங்களைப் பார்க்கும் அரச அதிகாரி, எங்கே வருகிறார்? 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, தன் நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் கப்டனுக்கும் மாலுமிகளுக்கும் இடையிலான பிணக்கைத் தீர்க்கும் வேலையைக் கொன்சலுக்குத் தருகிறது. ஆனால் அவருடைய நாட்டுச் சட்டம் எவ்வளவு அதிகாரம் கொடுத்திருக்கிறதோ, அவ்வளவுக்குத்தான். கவனியுங்கள், இது கொடி நாட்டுக் கொன்சலைப் பற்றிய பேச்சு. பனாமாக் கப்பலில் இருக்கும் இலங்கையருக்காக இலங்கைக் கொன்சல் பேசலாம், கடிதம் எழுதலாம். தீர்ப்புச் சொல்ல முடியாது.

முன்பு கொன்சலின் கை நீளமாக இருந்தது. கப்பலை விட்டு ஓடிய மாலுமியைப் பிடித்துத் தரும்படி அவர் கேட்டால், உள்ளூர் மாஜிஸ்திரேட் பிடித்துக் கொடுப்பார். பிரிட்டன் அதற்கென்றே 1852இல் ஒரு சட்டம் வைத்திருந்தது. மலையகத்தாருக்கு இது புதுக்கதை அல்ல. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழில் ஒப்பந்தச் சட்டத்தின் கீழ், தோட்டத்தை விட்டு ஓடிய ஆளுக்கும் மறியல்தான். ஒப்பந்தம் முறித்த தொழிலாளியைக் குற்றவாளியாக்கும் அதே புத்தி, கடலிலும் மலையிலும். அமெரிக்கா 1915இல் மாலுமிகளுக்கென்று கொண்டுவந்த சட்டம் அந்தக் கைது வழக்கத்தை அங்கே முடித்து வைத்தது. இன்று சம்பளம் தராத கப்பலிலிருந்து இறங்கினால் பொதுவாக மறியலுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் ‘தானாக விட்டுப் போனான்’ என்று கப்டன் எழுதிவிட்டால் சம்பள வழக்கு பலவீனமாகும். ஆகவே கோபத்தில் இறங்காதீர்கள்.

கொன்சலின் எல்லையை நன்றாகக் காட்டுவது பழைய வழக்கொன்று. 1886 ஒக்டோபரில் நியூ ஜெர்சித் துறையில் நின்ற ‘நூர்ட்லாண்ட்’ என்ற பெல்ஜியக் கப்பலில் மாலுமி ஒருவர் இன்னொருவரைக் குத்திக் கொன்றார். ஆளை எங்களிடம் விடுங்கள் என்று பெல்ஜியக் கொன்சல் ஒப்பந்தத்தைக் காட்டினார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1887இல் மறுத்தது: சில்லறைச் சண்டையும் ஒழுங்கும் உங்கள் பாடு, கொலை எங்கள் பாடு. கரை நாட்டு நீதிமன்றம் அந்நியக் கப்பல் விசயத்தில் தலையிடுவது நம் பக்கத்திலும் உண்டு. 2020 செப்டெம்பரில் கிழக்குக் கடலில் எரிந்த ‘நியூ டயமண்ட்’ பனாமாக் கொடிக் கப்பல். அதன் கிரேக்கக் கப்டனுக்குத் தண்டம் விதித்தது கொழும்பு மேல் நீதிமன்றம், 1 கோடி 20 இலட்சம் ரூபா.

சம்பளம் கொலையல்ல, அதனால் கொன்சல் பாடுதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் மாலுமிக்குச் சாதகமான இடம். ஆங்கிலேய மரபில் வந்த கடல் நீதிமன்றங்களில், அந்நியக் கப்பல்மீது சம்பள வழக்கு வந்தால் கொன்சல் ஆட்சேபிக்கலாம். எடுப்பதா விடுவதா என்பது நீதிபதியின் கையில். இலங்கையில் 1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அட்மிரல்டி நியாயாதிக்கச் சட்டப்படி கொழும்பு மேல் நீதிமன்றம் இதை விசாரிக்கும். எங்கோ இருக்கும் முதலாளியைத் தேட வேண்டியதில்லை, கப்பலையே பிரதிவாதியாக்கலாம். நீதிமன்ற மார்ஷல் ஏறி உத்தரவை ஒட்டினால், பிணை வைக்கும்வரை கப்பல் நகராது. ஒரு நாள் நின்றாலே கம்பனிக்குப் பெரிய நட்டம் என்பதால், பல வழக்குகள் தீர்ப்புவரை போவதில்லை. என் கணக்கில் பத்துக் கடிதத்தைவிட அந்த ஒரு தாளுக்குப் பலம் அதிகம்.

வழக்குக்கு முன்னும் வழி உண்டு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006, இலங்கை 2017இல் ஏற்றது. அதன்படி முறைப்பாட்டை முதலில் கப்பலுக்குள் எழுத்தில் கொடுக்கலாம். பயனில்லை என்றால் துறைமுக அரசின் பரிசோதகரிடம் போகலாம். மோசமான மீறல் என்றால் அவரே கப்பலை மறிப்பார். இரண்டு மாதச் சம்பளம் தராமல் முதலாளி கைவிட்டால், நான்கு மாதம் வரைக்குமான சம்பளத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் காப்புறுதி பொறுப்பு. அந்தக் காப்புறுதிச் சான்றிதழ் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். ஏறிய அன்றே கம்பனிப் பெயரும் நம்பரும் தெரியப் போனில் படம் எடுங்கள்.

வேலை பிடித்துத் தரக் காசு கேட்பது அதே உடன்படிக்கைப்படி தவறு. மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட், இவற்றின் செலவு மட்டும்தான் உங்களுடையது. லட்சங்கள் கேட்கிற ஏஜென்ட்டை விட்டுவிடுங்கள்; மற்ற ஏஜென்ட்டின் பெயரையும் கொழும்பு வணிகக் கப்பல் செயலகத்தில் விசாரித்த பிறகே அக்ரிமென்டில் கையெழுத்து.

தோட்டத்துச் செக்ரோலில் பேர் விழுந்ததா என்று அம்மா மாதாமாதம் பார்ப்பதைப் போலச் சம்பளச் சீட்டையும் ஓவர்டைம் கணக்கையும் பாருங்கள். எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அக்ரிமென்ட் பிரதியும் கப்பலின் ஐஎம்ஓ எண்ணும் வீட்டில் இருக்கட்டும். கப்பல் பேர் மாறும், கொடி மாறும். அந்த ஏழு இலக்க ஐஎம்ஓ எண் மாறாது.

எம்பசி வீண் என்று நினைக்க வேண்டாம். பாஸ்போர்ட் தொலைந்தால், ஆஸ்பத்திரியில் கிடந்தால், ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் அவர்கள்தான். வீட்டார் கொழும்புவரை அலைய வேண்டியதில்லை. வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அலுவலகம் கண்டியிலும் இருக்கிறது. போகும்போது கப்பலின் பேர், ஐஎம்ஓ எண், கொடி, கடைசியாக நின்ற துறைமுகம், சம்பளம் நின்ற மாதம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொண்டு போகச் சொல்லுங்கள்.