புட்டியில் தேதி எதற்கு?

ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் ஒருவகை ஓணான் வாழ்கிறது. அச்சமுற்றால் கழுத்துத் தோலை உப்பிக் காட்டும். அதனால் அதற்குத் 'தாடி ஓணான்' என்று பெயர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் இதை வீட்டில் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். உணவாகச் சுவர்க்கோழிகளைக் கொடுக்கும்போது, அவற்றின்மேல் ஒரு வெள்ளைப் பொடியைத் தூவுவது வழக்கம். எதற்காக?

சுவர்க்கோழியின் உடலில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். எலும்பு உறுதிபெறவோ, பாஸ்பரஸைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கால்சியம் வேண்டும். இக்குறையைப் பொடியிலுள்ள கால்சியம் கார்பனேட் போக்குகிறது. ஆனால் குடலிலிருந்து கால்சியம் இரத்தத்தில் நன்கு சேர வைட்டமின் டி3 தேவை. வெயிலில் புற ஊதாக் கதிர் பட்டால் ஓணானின் தோலே இதற்கு மூலப்பொருளை உண்டாக்கிக்கொள்ளும். வீட்டிலோ சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடுகிறது. ஆகவேதான் புற ஊதா விளக்கோடு, பொடியிலும் டி3 சேர்க்கிறார்கள்.

இனி, புட்டியின் மேலுள்ள தேதிக்கு வருவோம். கால்சியம் கார்பனேட் என்பது சுண்ணாம்புக் கல்லில் உள்ள பொருளே. அது எளிதில் கெடாது. வைட்டமின் ஏ, டி3 ஆகியவை அப்படியல்ல. அவற்றின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றைத் தாக்கிச் சிதைக்கிறது. ஒளி, ஈரம், வெப்பம் மூன்றும் இச்சிதைவை விரைவாக்குகின்றன.

வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். அப்படியானால் 20 பாகை உயர்ந்தால்? ஏறக்குறைய நான்கு மடங்கு! தொட்டியைச் சூடாக்கும் விளக்கின் அருகிலேயே புட்டியை வைப்பது எவ்வளவு தவறு என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அச்சிட்ட தேதி, மூடிய புட்டியை உரிய முறையில் வைத்திருந்தால்தான் பொருந்தும். திறந்த நாளிலிருந்து வேறொரு கணக்குத் தொடங்கிவிடுகிறது.

சத்து இழந்த பொடியும் வெண்மையாகவே இருக்கும். பார்த்து அறிய முடியாது. டி3 போதாமல் இரத்தத்தில் கால்சியம் குறைந்தால், உடல் அதை எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நாளடைவில் தாடை மென்மையாகும், கால்கள் வளையும், உடல் நடுங்கும்.

"பழைய பொடிதானே, இரண்டு பங்கு தூவினால் என்ன?" என்று கேட்கலாம். கூடாது. எவ்வளவு வைட்டமின் மிஞ்சியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கொழுப்பில் கரையும் இவ்வைட்டமின்கள் உடலில் தங்கிவிடும். டி3 மிகுந்தால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் கால்சியம் படியும்.

சிறிய புட்டியாக வாங்குதல், திறந்த நாளை அதன்மேல் எழுதுதல், இறுக மூடிக் குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட இடத்தில் வைத்தல், தேதி கடந்ததை நீக்குதல் ஆகியவையே சரியான வழி.

ஒரு கேள்வி: குளிர்பெட்டியிலிருந்து எடுத்த புட்டியை உடனே திறந்தால் பொடி கட்டியாகிவிடுகிறது. ஏன்? சிந்தியுங்கள்!