பார்சல் தொலைந்தால் யார் கணக்கு?

"அக்கா, டெலிவர்டுன்னு மெசேஜ் வந்திருக்கு. ஆனா என் கைக்கு எதுவும் வரல."

வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் புடவையோ டெரகோட்டா நகையோ ஊறுகாயோ விற்கும் எவருக்கும் இப்படி ஒரு செய்தி ஒருநாள் வந்தே தீரும். பெரிய நிறுவனத்துக்குத் தொலைந்த பார்சல் என்பது மாதக் கடைசியில் கழித்து எழுதும் ஓர் எண். மாதம் ஐம்பது பார்சல் அனுப்புகிறவருக்கோ, போன ஒரு புடவையை ஈடுகட்ட இன்னும் பத்துப் புடவை விற்றாக வேண்டும்.

செய்தி வந்ததும் பலரும் கூரியர் அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டு, அவர்கள் பதில் சொல்லட்டும், பிறகு வாடிக்கையாளரிடம் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். பதில் வருவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும், வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போய்விடும். இங்கே இருப்பவை இரண்டு தனித்தனிக் கணக்குகள். வாங்கியவருக்கும் உங்களுக்கும் ஒன்று, கூரியருக்கும் உங்களுக்கும் இன்னொன்று. முதல் கணக்கைச் சில நாட்களில் முடித்துவிட வேண்டும். இரண்டாவது மாதக்கணக்கில் இழுக்கும், இழுக்கட்டும். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்திவைக்காதீர்கள்.

வாங்கியவரின் கணக்கு

"கூரியர்ல போட்டாச்சு, அதோட என் பொறுப்பு முடிஞ்சது" என்று சிலர் சொல்வார்கள். இதற்குச் சட்டத்தில் ஒரு சிறு பிடி இருக்கத்தான் செய்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 39-ஆவது பிரிவில், பொருளை எடுத்துச் செல்பவரிடம் ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் ஒப்படைத்தது போல என்று முதல் பார்வையில் கொள்கிறது. ஆனால் அதே பிரிவு உடனே ஒரு நிபந்தனையும் வைக்கிறது. பொருளின் தன்மைக்கேற்ற நியாயமான ஏற்பாட்டோடு அனுப்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்கியவர் அந்த ஒப்படைப்பை ஏற்க மறுக்கலாம். ஐயாயிரம் ரூபாய்ப் பட்டுப்புடவையை மதிப்பும் குறிக்காமல் காப்பீடும் எடுக்காமல் அனுப்பியவர், இந்தப் பிரிவைக் காட்டித் தப்பிப்பது கடினம். அமேசான், மீஷோ போன்ற தளங்களில் விற்பவர்களுக்கு 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் உண்டு. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன.

சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் நியாயம் ஒரு பக்கம்தான் நிற்கிறது. கூரியரைத் தேர்ந்தெடுத்தது வாங்கியவர் அல்ல, நீங்கள். பணத்தை முன்கூட்டியே ஜிபேயில் அனுப்பிவிட்டு, முகம் தெரியாத உங்களை நம்பிக் காத்திருப்பவர் அவர். ஆகவே நஷ்டத்தை முதலில் நீங்கள் ஏற்பதுதான் சரி. பிறகு அதைக் கூரியரிடமிருந்து மீட்கப் பாருங்கள்.

செய்தி வந்த அன்றே, ஒரு தேதியோடு பதில் போடுங்கள். "மேடம், இப்பவே கூரியர்ல கேட்கிறேன். புதன்கிழமைக்குள்ள பார்சல் வரலேன்னா, வேற புடவை அனுப்பணுமா, பணத்தைத் திருப்பித் தரணுமான்னு நீங்க சொல்ற மாதிரி செய்றேன்." இவ்வளவு போதும். கெடு தெரிந்தவர் கோபப்பட மாட்டார். "பார்க்கிறேன்", "கேட்டுட்டு சொல்றேன்" என்று மட்டும் சொல்லப்பட்டவர்தான் கமென்ட்டில் வந்து எழுதுவார்.

'டெலிவர்டு' என்று காட்டியும் கைக்கு வராத பார்சல்தான் இருப்பதிலேயே அதிகத் தலைவலி. பக்கத்து வீடு, அடுக்ககக் காவலாளி, வீட்டில் வேறு யாராவது வாங்கினார்களா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். அதே நேரத்தில் கூரியரிடம் பிஓடி, அதாவது ஒப்படைத்ததற்கான சான்று, கேளுங்கள். கையெழுத்தா, புகைப்படமா, ஓடிபியா, எதை வைத்து டெலிவரி ஆனது என்று குறித்தார்கள் என்பது அதில் தெரியும். இலவச எண்ணில் பேசுவதைவிட, வாங்கியவர் ஊரில் இருக்கும் டெலிவரி கிளையில் பேசுவது பலன் தரும். பார்சலை எடுத்துச் சென்ற தம்பிக்கு நேற்றைய வீடு நினைவிருக்கும், போன வாரத்து வீடு நினைவிருக்காது. சிசிடிவி பதிவும் சில நாட்களில் அழிந்துவிடும். அதனால்தான் முதல் இரண்டு நாட்கள் இவ்வளவு முக்கியம்.

இனி, உடைந்து வரும் பொருளுக்காக விற்பவர்கள் போடும் 'ஓப்பனிங் வீடியோ கட்டாயம்' என்ற அறிவிப்புக்கு வருகிறேன். பார்சலைப் பிரிக்கும் வீடியோவைக் கேட்பதில் தவறில்லை. கூரியரிடம் நஷ்டஈடு கேட்கும்போது அது உங்களுக்கே உதவும் சாட்சி. வீடியோ இல்லாததை மட்டும் காரணம் காட்டி, உடைந்த பொருளுக்குப் பொறுப்பேற்க மறுப்பதுதான் தவறு. ஊரில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி, ஒரு கையால் பிரித்து மறு கையால் வீடியோ எடுக்க முடியாது. அவரிடம் உடைந்த பொருள், பெட்டி, மேலே ஒட்டிய லேபிள் மூன்றும் தெரியும் புகைப்படங்களைக் கேளுங்கள். நீங்கள் சொல்லும்வரை அந்தப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். கூரியர் ஆய்வுக்கு வந்தால் முதலில் கேட்பது பெட்டியைத்தான்.

டேப் ஒட்டுவதற்கு முன்

நஷ்டஈட்டு வழக்கின் பாதி, பார்சல் உங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிந்துவிடுகிறது. 'பேக்கிங் சரியில்லை' என்பதுதான் கூரியர்கள் மறுக்கும்போது சொல்லும் முதல் காரணம். அந்த வாய்ப்பை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

'ஃப்ராஜைல்' ஸ்டிக்கரை நம்பவே நம்பாதீர்கள். பெரிய கிடங்குகளில் பார்சல்களைப் பிரித்து அனுப்புவது கன்வேயர் பெல்ட். ஸ்டிக்கரில் எழுதியிருப்பது அதற்குத் தெரியாது. உங்கள் பெட்டிமேல் பத்துக் கிலோ பெட்டி ஏறும், சில இடங்களில் இடுப்பு உயரத்திலிருந்து விழும் என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள். டெரகோட்டா நகையும் தஞ்சாவூர்ப் பொம்மையும் பெட்டிக்குள் பெட்டியாகப் போக வேண்டும். பொருளைப் பபிள் ராப்பில் சுற்றிச் சிறு பெட்டியில் வையுங்கள். அதை ஐந்தடுக்கு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டுக் காகிதத்தால் இறுக நிரப்புங்கள். மூடிய பிறகு குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் திறந்து மீண்டும் நிரப்புங்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட தஞ்சாவூர் ஓவியம் என்றால், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டு அனுப்புவது நல்லது. கண்ணாடி உடைந்தால் அதோடு நிற்காது, ஓவியத்தையும் கீறிவிடும்.

ஊறுகாய், தொக்கு, நெய் அனுப்புகிறவர்களுக்கு எண்ணெய்க் கசிவுதான் பெரிய எதிரி. கண்ணாடி பாட்டிலை விட்டு, உணவுத் தரமுள்ள பெட் ஜாருக்கு மாறுங்கள். மூடிக்கு உள்ளே அலுமினிய சீல், வெளியே ஜிப் கவர், அதற்கும் வெளியே பெட்டி. உங்கள் எண்ணெய் கசிந்தால் அதே மூட்டையில் வரும் இன்னொருவரின் பட்டுப்புடவையும் பாழாகும் என்பதை நினைத்துக் கட்டுங்கள். எரியக்கூடிய அத்தர், சென்ட் வகைகளை வேறு பெயர் எழுதி அனுப்பாதீர்கள். உள்ளே இருப்பதைப் பொய்யாகக் குறித்த பார்சல் தொலைந்தால் நஷ்டஈடு கேட்கும் வாய் அங்கேயே அடைபட்டுப் போகும்.

துணி உடையாது, ஆனால் நனையும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, திறந்த வண்டியிலிருந்து இறக்கும் ஐந்து நிமிடம் போதும். கூரியர் கவரை மட்டும் நம்பாமல், உள்ளே ஒட்டி மூடிய பாலிதீன் உறை ஒன்று கட்டாயம் போடுங்கள்.

செலவில்லாத இரண்டு வேலைகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்தினால், முன்பு ஒட்டிய பார்கோடு முழுவதையும் கிழித்தெறியுங்கள். ஸ்கேனர் பழையதைப் படித்தால் மதுரைக்குப் போக வேண்டியது வேறு ஊருக்குப் போகும். அடுத்து, பெறுபவர், அனுப்புபவர் முகவரிகளை எழுதிய ஒரு சீட்டைப் பெட்டிக்கு உள்ளேயும் போடுங்கள். வெளி லேபிள் மழையில் கிழிந்தால் பார்சல் அநாதையாகிவிடும். பிரித்துப் பார்ப்பவர் கையில் கிடைக்கும் அந்தச் சீட்டுதான் அதைத் திரும்பக் கொண்டுவரும்.

மூடும் முன் பொருளையும், மூடிய பின் தராசில் எடை தெரியும்படி பெட்டியையும் படம் எடுங்கள். எடைக்கு அப்படி என்ன முக்கியத்துவம்? பெட்டி பத்திரமாக வந்து, உள்ளே இருந்தது மட்டும் காணாமல் போகும் திருட்டுகள் நடக்கின்றன. அனுப்பிய எடை 850 கிராம், போய்ச் சேர்ந்த எடை 300 கிராம் என்று காட்ட முடிந்தால் எங்கே திருடு போயிருக்கிறது என்று தேட வழி பிறக்கும். ரசீதில் எடையைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று கவுன்டரிலேயே பாருங்கள்.

ரசீதின் பின்பக்கம்

நஷ்டஈடு எவ்வளவு கிடைக்கும்? அஞ்சல் துறையில் தொடங்குவோம். 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் அலுவலகச் சட்டம், 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போலவே, விதிகளில் ஏற்றுக்கொண்டதைத் தவிர வேறு பொறுப்பு அஞ்சல் துறைக்கு இல்லை என்கிறது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பியது தொலைந்தாலோ சேதமானாலோ, கட்டிய கட்டணத்தின் இருமடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் நஷ்டஈடு. 80 ரூபாய் கட்டி அனுப்பிய மூவாயிரம் ரூபாய்ப் புடவைக்கு வருவது 160 ரூபாய். காப்பீட்டோடு அனுப்பினால் கதையே வேறு. 1 லட்சம் ரூபாய் வரை மதிப்பைக் காப்பீடு செய்யலாம். 2025 அக்டோபர் 1 முதல், கூடுதலாக 5 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் கட்டினால், ஓடிபி சொன்னால் மட்டுமே ஒப்படைக்கும் வசதியும் உண்டு. விலை உயர்ந்த பொருளுக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

தனியார் கூரியரில் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு தொகை இருக்கும். எது தொலைந்தாலும் அதற்கு மேல் தர மாட்டோம் என்பார்கள். நீதிமன்றத்துக்குப் போனால் அந்த வரி நிற்காது என்று நினைக்காதீர்கள். பாரதி நிட்டிங் கம்பெனி, டிஹெச்எல் நிறுவனத்துக்கு எதிராக நடத்திய வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம், கையெழுத்திட்ட ரசீதின் நிபந்தனை அனுப்பியவரைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி, நஷ்டஈட்டை அதில் இருந்த 100 டாலரோடு நிறுத்தியது. பாரதி நிட்டிங் கேட்டதோ பல லட்சம் ரூபாய்.

2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் கூரியர்களையும் சேர்த்தே பேசுகிறது. கூடுதல் கட்டணம் கட்டிக் கூடுதல் பொறுப்பை ஏற்கச் செய்யாதவரை, அவர்கள் பொறுப்பு கட்டணத்தின் பத்து மடங்குக்குள்தான். அதுவும் நீங்கள் குறித்த மதிப்பைத் தாண்டாது. கவுன்டரில் "என்ன மதிப்பு போடட்டும்?" என்று கேட்கும்போது "சும்மா நூறு ரூபா போடுங்க அண்ணா" என்று சொல்லிப் பழகியவர்கள், பிறகு வரப்போகும் நஷ்டஈட்டுக்கு அங்கேயே எல்லை கட்டிவிடுகிறார்கள்.

அனுப்பும் எண்ணிக்கை கூடிவிட்டால், பார்சலுக்குப் பார்சல் காப்பீடு எடுப்பதைவிட ஆண்டு முழுவதற்குமான சரக்குப் பயணக் காப்பீடு பற்றி விசாரியுங்கள். காப்பீட்டு நிறுவனங்களில் இதற்கு 'மரைன்' என்று பெயர். பெயரில் கடல் இருந்தாலும் லாரியில் போவதற்கும் உண்டு.

புகார் எழுத்தில் இருக்கட்டும்

போனில் சொன்ன புகாருக்குத் தடம் இல்லை. சொன்னதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ரசீது எண், புக் செய்த தேதி, எடை, பொருள், பில் மதிப்பு, என்ன நடந்தது, எவ்வளவு கேட்கிறீர்கள் என்பவை பத்து வரிக்குள் இருக்கட்டும். கோபத்தை அதில் எழுதாதீர்கள். தேதியும் தொகையும் பேசட்டும். விற்பனைத் தளத்திலோ, பல கூரியர்களை இணைத்துத் தரும் அக்ரிகேட்டர் வழியாகவோ அனுப்பியிருந்தால் கிளெய்ம் போட மிகச் சில நாட்களே அவகாசம் இருக்கும். அந்தக் கெடுவை இன்றே பார்த்துக் குறித்து வையுங்கள்.

இன்னொரு கெடுவை மறக்கவே கூடாது. மேலே சொன்ன 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி, புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூல அறிவிப்பு கொடுக்காமல் வழக்குப் போட முடியாது. "பார்த்துட்டிருக்கோம் மேடம்" என்ற பதிலிலேயே ஆறு மாதம் கரைந்துவிட்டால், அதோடு உரிமையும் போய்விடும்.

கூரியர் அசையவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியுங்கள். வியாபாரிக்கு நுகர்வோர் மன்றம் கிடையாது என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பிழைப்புக்காகத் தானே சுயதொழில் செய்பவர் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தந்திருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பலருக்குத் தெரியாத மற்றொரு வழி, நிரந்தர மக்கள் நீதிமன்றம். அஞ்சல் சேவையும் சரக்குப் போக்குவரத்தும் அதன் வரம்புக்குள் வருகின்றன. நீதிமன்றக் கட்டணம் கிடையாது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இவ்வளவும் செய்தாலும் சில பார்சல்களின் பணம் திரும்ப வராது. அதற்கும் இடம் விட்டே விலை வையுங்கள். ஒரு பார்சலுக்குப் பத்து ரூபாய் தனியாக எடுத்து வைத்தால், மாதம் ஐம்பது பார்சலில் ஐந்நூறு ரூபாய் சேரும். வாடிக்கையாளருக்கு மறுபொருள் அனுப்பும்போது கை நடுங்காது. கூடவே ஒரு நோட்டில் எந்தக் கூரியர், எந்தப் பின்கோடு, என்ன ஆயிற்று என்று எழுதி வாருங்கள். ஒரே கிளையில் மூன்று முறை தொலைந்தால், அந்த ஊருக்கு வேறு கூரியர் பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், தொலைந்த பொருளுக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும் என்பதைக் கணக்காளரிடம் நினைவுபடுத்துங்கள்.

அடுத்த முறை கவுன்டரில் நிற்கும்போது மதிப்பு என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். உண்மையான விலையை எழுதுங்கள், பில் நகலைச் சேர்த்துக் கொடுங்கள், காப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் ரசீதைத் திருப்பிப் படியுங்கள்.